விளக்கேத்த வந்தவங்க எல்லாம் மதம் மாறினவங்களா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, பழங்கால கிரேக்கர்கள் லட்சக்கணக்குல யூத மதத்துக்கு மாறிட்டாங்கன்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நான் அம்மாப்பேட்டைல ஒரு சாயப்பட்டறைல கணக்கு எழுதுறவன், ராத்திரில சரித்திரம் படிக்கிறது இருபது வருஷப் பழக்கம், அதனால கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், ரெண்டு தடவையும் மனசு ஒப்பல. இந்த விஷயத்த தமிழ்ல எழுதுனதுக்கு முதல்ல நன்றி சொல்லிக்கறேன். ஆனா அந்த லட்சக்கணக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு கட்டுரைல ஒரு வரி கூட இல்லீங்க.

அது பெரும்பாலும் ஒரே ஒரு நம்பர்லேருந்து வருது. 13-ம் நூற்றாண்டுல சிரியாக் மொழில எழுதுன பார் ஹெப்ரேயஸ்ங்கிற பாதிரியார், ரோம ராஜா கிளாடியஸ் காலத்துல யூதர்கள் 69,44,000 பேர்னு எழுதி வச்சார். இத்தன பேர் பிறப்பால மட்டும் பெருகியிருக்க முடியாது, அப்போ கிரேக்கர்கள் கும்பலா மாறித்தான் இருக்கணும்னு பின்னால வந்தவங்க கணக்கு போட்டாங்க. ஆனா அதே 69,44,000, அவருக்கு ரொம்ப முன்னாடியே எழுதுன ஜெரோம்ங்கிற கிறிஸ்தவ அறிஞரோட நூல்ல, ரோமக் குடிமக்களோட தொகைன்னு இருக்கு! காப்பி பண்ணும்போது தலைப்பு மாறிப்போச்சுன்னு இப்ப நிறைய ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. கணக்கு எழுதுறவனுக்கு இது நல்லா புரியும், ஒரு கட்டத்துல போட வேண்டிய தொகைய பக்கத்து கட்டத்துல போட்டா வருஷக் கணக்கே கோணலாயிடும்.

அதுக்காக கிரேக்கர்கள் அந்தப் பக்கமே போகலன்னு நான் சொல்ல வரல. அந்தியோகியாங்கிற ஊர்ல யூதர்கள் கும்பிடற ஜெப ஆலயத்துக்கு கிரேக்கர்கள் கூட்டங்கூட்டமா வந்தாங்க, யூதர்கள் அவங்கள ஒரு வகைல தங்களோட சேத்துக்கிட்டாங்கன்னு அந்தக் காலத்து யூத சரித்திரக்காரர் ஜோசிபஸ் எழுதியிருக்கார். டமாஸ்கஸ் விஷயம் இன்னும் ஆச்சரியம், கி.பி. 66-ம் வருஷம் அங்க ஆம்பளைங்க யூதர்கள கொல்லத் திட்டம் போட்டப்போ அத சொந்த பொண்டாட்டிகளுக்கே தெரியாம மறைச்சாங்களாம், ஏன்னா சிலர தவிர மத்த பொம்பளைங்க எல்லாம் யூத வழிக்குப் போயிட்டாங்கன்னு அவரே சொல்றார். அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம், ஆனா பொம்பளைங்க அதிகமா போனாங்கங்கறது நம்பக்கூடியதுதான். முழுசா மாறணும்னா ஆம்பளைக்கு சுன்னத்து உண்டு, வளந்த மனுசன் அதுக்கு சட்டுனு ஒத்துக்குவானாங்க?

இங்கதான் உங்க கட்டுரை தப்பு பண்ணிடுச்சு. வந்தவங்க வேற, மாறினவங்க வேற. துருக்கில அப்ரோடிசியாஸ்னு ஒரு பழைய ஊர், அங்க 1976-ல ஒரு கல்வெட்டு கிடைச்சுது. யூத சமூகத்தோட சேந்து நின்னவங்க பேரெல்லாம் கிரேக்கத்துல வெட்டியிருக்கு. அதுல முழுசா மதம் மாறினவங்கன்னு குறிச்சிருக்கறது 3 பேர். 'கடவுளுக்கு அஞ்சுறவங்க'ன்னு, அதாவது மாறாமலே வந்து கும்பிட்டவங்கன்னு, தனியா குறிச்சிருக்கறது 54 பேர், அதுல 9 பேர் ஊர் சபை மெம்பருங்க. ஊர் சபைல இருந்தா ஊர்ச் சாமி திருவிழாவையும் விட முடியாது, இங்கயும் வந்து கும்பிட்டிருக்காங்க. அக்மோனியாங்கிற ஊர்ல ஜெப ஆலயம் கட்டிக் குடுத்த ஜூலியா செவேரா ரோமச் சக்கரவர்த்தி வழிபாட்டுக்கு பூசாரியா இருந்த அம்மா.

இது சேலத்துக்காரங்களுக்கு புதுசா என்ன? எங்க அம்மா நாலு ரோடு குழந்தை இயேசு பேராலயத்துல மெழுகுவத்தி ஏத்தாம மாசம் போகாது, ஆடி வந்தா கோட்டை மாரியம்மனுக்கு பொங்கலும் வைப்பாங்க. ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு யாரோ அந்த மெழுகுவத்திய மட்டும் எண்ணிப் பாத்து, சேலமே மாறிடுச்சுன்னு எழுதினா சரியா இருக்குமாங்க?

பைபிள்ல வர்ற லீதியாளும் இந்த ரகந்தான். பிலிப்பிங்கிற ஊர்ல இரத்தாம்பரம், அதான் செஞ்சாயத் துணி வித்த அம்மா. யூத அம்மான்னு சொல்லல, தேவனை வணங்குகிறவள்னு மட்டும்தான் எழுதியிருக்கு, ஓய்வுநாள்ல ஆத்தங்கரைக்கு ஜெபம் பண்ண வந்தாங்க. சாயத் தொழில்ல இருக்கறதாலயோ என்னமோ, இந்த அம்மாவ நினைச்சா எனக்கு சொந்தக்காரங்க மாதிரி இருக்கும். சுன்னத்து வேண்டாம்னு கிறிஸ்தவ மதத்த பரப்புன பவுல் சொன்னதும் லீதியாள் மாதிரி வாசல்ல நின்னவங்க நிறைய பேர் கிறிஸ்தவத்துப் பக்கம் போயிட்டாங்கன்னு பல அறிஞர்கள் சொல்றாங்க. அப்புறம் ஆந்தோனினஸ் பயஸ்ங்கிற ரோம ராஜா, யூதர்கள் சொந்தப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் சுன்னத்து பண்ணலாம்னு சட்டம் போட்டுட்டார், மாற நினைச்ச ஆம்பளைக்கு அந்த வழியும் அடைஞ்சுது.

முழுசா தாண்டிப் போனவங்களும் உண்டு, மறைக்கல. கருங்கடல் கரை சினோப் ஊர்க்காரர் அக்விலா, கிரேக்கரா பிறந்து யூதரா மாறி, 2-ம் நூற்றாண்டுல யூத வேதத்த வார்த்தைக்கு வார்த்தை கிரேக்கத்துல மறுபடி மொழிபெயர்த்தார். இப்படிப்பட்டவங்க கதைய எழுதுங்க, நாங்க ஆசையா படிப்போம்.

அடுத்த வாரம் இதோட ரெண்டாம் பாகம் வரும்னு போட்டிருக்கீங்க. அதுல அந்த 3-ஐயும் 54-ஐயும் பக்கத்துல பக்கத்துல அச்சடிச்சுடுங்க ஐயா.

இப்படிக்கு,
உங்க வாசகன்,
அம்மாப்பேட்டை, சேலம்.