வாட்டில் கேட்கப்படும் அந்தக் கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மாசி மாதம் என் அண்ணன் வவுணதீவுப் பக்கம் வயலுக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து கால் முறிந்தது. வாட்டில் சேர்க்கும்போது, படிவம் நிரப்பிய தாதி "குடிப்பீங்களா ஐயா?" என்று கேட்டார். பக்கத்தில் அண்ணியும் ஏ.எல். படிக்கும் மகளும் நின்றார்கள். அடுத்த கட்டிலில் கிடந்தவர் எங்கள் ஊர்க்காரர். "இல்லை மிஸ்" என்றார் அண்ணன். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் இரவு கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று சேலைன் ஊசியைப் பிடுங்கினார். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டதென்று நாங்கள் அழுதுகொண்டிருந்தோம். அங்கிருந்த இளம் டொக்டர் ஒருவர்தான் என்னைத் தனியே நடைபாதைக்குக் கூப்பிட்டுக் கேட்டார். பத்து வருடமாகத் தினமும் கால் போத்தல் சாராயம் என்று சொன்னேன். திடீரென்று குடி நின்றதால் வந்த நிலை அது, உயிரையும் எடுக்கக்கூடியது என்றார். அதற்கான மருந்தும் தயமின் (விட்டமின் பி1) ஊசியும் போட்ட பிறகு, இரண்டு நாளில் அண்ணன் தெளிந்தார்.

முதல் நாளே இரத்தத்தில் பார்த்திருக்க முடியாதா என்ற கேள்வி என்னை விடவில்லை. ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் உறவுக்காரர் ஒருவரிடம் கேட்டேன், நானும் தேடி வாசித்தேன். முடியும். ஆனால் ஒவ்வொரு பரிசோதனையும் ஒவ்வொரு அளவுக்குத்தான் பேசும். குடித்த சாராயம் இரத்தத்தில் ஒரு நாளுக்கு மேல் தங்குவது குறைவு. ஒப்பரேசனுக்கு முன் எல்லோருக்கும் எடுக்கிற சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே செங்குருதிக் கலத்தின் பருமன் இருக்கிறது. நீண்டகாலம் குடிப்பவர்களுக்கு அது பெருக்கும். ஆனால் விட்டமின் பி12 குறைந்தாலும் பெருக்கும். ஒரு செங்கலம் 120 நாள் வாழ்வதால், குடியை விட்டவருக்கும் அது இறங்க மாதங்கள் எடுக்கும். சிடிடி என்று இரத்தத்திலுள்ள ஒரு புரதத்தைப் பார்க்கும் பரிசோதனையும் உண்டு. தினமும் 50 முதல் 80 கிராம் மதுசாரம் இரண்டு கிழமை அளவில் உள்ளே போனால் அது கூடும். கால் போத்தல் சாராயத்திலேயே ஏறக்குறைய 48 கிராம் இருக்கிறது, கணக்குப் பார்த்தபோது நெஞ்சு திடுக்கிட்டது. பெத் எனப்படும் பரிசோதனைதான் எல்லாவற்றிலும் துல்லியம். மதுசாரம் உடலுக்குள் போனால் மட்டுமே உருவாகும் பொருளை அது தேடுகிறது, இரண்டு முதல் நான்கு கிழமை வரை காட்டும். அதற்குப் பெரிய இயந்திரமும் செலவும் வேண்டும்.

ஈரலைப் பார்க்கிற ஜிஜிடி பரிசோதனையை இங்கே பலருக்கும் தெரியும். குடியால் மட்டுமல்ல, வேறு காரணங்களாலும் அது கூடும். அதில்தான் எனக்குப் பயம். காத்தான்குடியில் எங்களுக்குப் பழக்கமான ஒரு பெரியவருக்குச் சீனி வருத்தம், ஈரலில் கொழுப்பும் உண்டு. வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத மனிதர். ஜிஜிடி கூடியிருந்ததைப் பார்த்து, பத்துப் பேர் இருக்கும் இடத்தில் "உண்மையைச் சொல்லுங்க" என்று ஒருவர் கேட்டுவிட்டார். அதன் பிறகு அந்தப் பெரியவர் மூன்று மாதம் கிளினிக்குக்கே போகவில்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். ஒப்பரேசனுக்கு வருகிறவர்களுக்கு இந்தப் பரிசோதனைகளை, ஏன் எடுக்கிறோம் என்று அவர்களுக்கே சொல்லி எடுங்கள். ஆனால் முதலில் தனியாகக் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் தயாரித்த குடிப்பழக்கத்தை அறியும் பத்துக் கேள்விகள் கொண்ட ஓடிட் படிவம் இருக்கிறது, அதற்கு ஐந்து நிமிடம் போதும். குடும்பத்தை வெளியே நிறுத்த ஒரு திரை, அவ்வளவுதான் செலவு. முடிவுத்தாளைக் காட்டி ஏசுவதற்கென்றால் பரிசோதனையே வேண்டாம். குடிக்கிறவனுக்கு ஏச்சு வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது. மூன்றாம் நாள் இரவு நடுக்கம் வருமுன் மருந்து தொடங்குவதற்குத்தான் அந்தத் தாள் வேண்டும். தாதிமாரைக் குறை சொல்லவில்லை, ஒருவர் நாற்பது கட்டிலுக்கு ஓடுவதைக் கண்ணால் பார்த்தேன்.

அண்ணன் இப்போது கால் காட்ட மாதம் ஒருமுறை போகிறார். சென்ற முறை டொக்டர் எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, குடியைப் பற்றிக் கேட்டாராம். "இருபத்திரண்டு நாள் தொடவில்லை ஐயா, நேற்று மட்டும் எடுத்துட்டன்" என்று சொன்னதாக அண்ணனே வரும் வழியில் என்னிடம் சொன்னார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆரையம்பதி, மட்டக்களப்பு.