ஏரிக்கரை பார்க்குல ஒரு ராத்திரி தங்க விடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

லீவு விட்டா போதும், எங்க கொளத்தூர், பெரம்பூர் பக்கத்து ஜனங்க டென்ட்டுல தங்கணும்னு ஏலகிரி, கொல்லிமலைன்னு கிளம்பிடுறாங்க, வண்டி வாடகை, டென்ட் வாடகை, சாப்பாடுன்னு ஒரு குடும்பத்துக்கு ஆகுற செலவ கேட்டா தலை சுத்துது. இங்க ரெட்டேரி இருக்கு, மாதவரம் ஏரி இருக்கு, கொரட்டூர் ஏரி இருக்கு. ஆனா எந்த ஏரிக்கரை பார்க்குக்கு போனாலும் இருட்டினா வாட்ச்மேன் விசில் ஊதிடுவார். அவர சொல்லி குத்தமில்ல, ரூல் அப்படி.

சனிக்கிழமை ராத்திரி மட்டும், முன்னாடியே பேர் குடுத்த பத்து பதினஞ்சு குடும்பத்துக்கு டென்ட் போட பர்மிஷன் குடுத்தா என்னங்க? புழல்ல கேக்கல, 3,300 மில்லியன் கன அடி புடிக்கிற ஏரி, நாம குடிக்கிற தண்ணி, அங்க போய் பிரியாணி டப்பாவ மிதக்க விடக்கூடாது. சின்ன பார்க்கு போதும்.

அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் வேணாம், மழைல கரையெல்லாம் சேறு, பூச்சி பொட்டு வேற. பொங்கல் முடிஞ்சு மார்ச் ஆரம்பம் வரைக்கும்தான் சரியான டைம், ஏரில தண்ணி இருக்கும், ராத்திரி வேர்க்காது, விடியக்காலைல டென்ட் ஜிப்ப தொறந்தா நாமக்கோழிங்க வெள்ளை நெத்தியோட கூட்டமா நீந்துறதையும், நீர்க்காகம் முங்கி எந்திரிச்சு கம்பத்து மேல உக்காந்து ரெக்கய விரிச்சு காய வெக்கிறதையும் பசங்க பாக்கலாம். கொளத்தூர்ல கலர் மீன் கடைங்க வரிசையா இருக்கு, எங்க பசங்களுக்கு தொட்டி மீன் பேரெல்லாம் அத்துப்படி, ஏரில இருக்கிற பறவைய காட்டி கேட்டா எல்லாமே "கொக்கு"தான்!

பெரிய செலவும் இல்ல. எங்க வீட்டு பக்கத்து பார்க்குல பாத்ரூம் கட்டி பூட்டிதான் வெச்சிருக்காங்க, பூட்டே துருப்புடிச்சு போச்சு. அத தொறந்து தண்ணி வர வெச்சு, சீமைக்கருவேல முள்ள பொறுக்கி (டென்ட் அடித்துணி என்ன, செருப்பையே தொளைச்சிடும்), ராத்திரிக்கு ஒரு லேடி கார்டும் போட்டா பாதி வேல முடிஞ்சது. கொசுவுக்கு வலை வெச்ச டென்ட்டா கொண்டு வரச் சொல்லிடலாம். அடுப்பு, கேம்ப் ஃபயர் எதுவும் கூடாது, புளிசாதம் கட்டி எடுத்துட்டு வரட்டும்.

குடிகாரனுங்க வருவாங்கன்னு சொல்றவங்கள ஒண்ணு கேக்குறேன், இப்ப இருட்டுல செவுரு ஏறி குதிச்சு வர்றது யாரு? குடும்பமா நாலு பேர் தங்கினா அவங்கதான் எடத்த காலி பண்ணுவாங்க.

வர்ற பொங்கலுக்கு அப்புறம் ஒரே ஒரு சனிக்கிழமை ட்ரையல் பாக்கட்டும். பேர் குடுக்க எங்க தெருவுலயே ஆளுங்க ரெடி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொளத்தூர்