முகப்பில் வாட், அடியில் வாட்-மணி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மாரி நெருங்கும்போது திருகோணமலைக் கடைகளில் தறப்பாளும் கூரைத் தகரமும் விலைபோவது வழமை. அண்மைக் காலமாக அவற்றோடு ‘பவர் ஸ்டேஷன்’ என்ற பெயரில் கைப்பிடி வைத்த பற்றரிப் பெட்டிகளும் விலைபோகத் தொடங்கியுள்ளன. மின்சாரமில்லாத இரவில் விசிறியையும் மின்குமிழையும் இயக்கவும், கைப்பேசிகளுக்கு மின்னேற்றவும், நிலாவெளிக் கடற்கரையில் ஒரு நாளைக் கழிக்கப் போகும்போது எடுத்துச் செல்லவும் உதவும் இப்பெட்டிகளை நான் குறைகூற வரவில்லை. என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அதை வாங்கியபோது நான் கவனிக்கத் தவறிய ஓர் இலக்கத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

பெட்டியின் முகப்பில் விரலளவு எழுத்தில் 600 என்று அச்சிடப்பட்டிருந்தது. கடைக்காரரும் “அறுநூறு, விடிய விடிய ஃபேன் ஓடும்” என்றார். கடந்த மாரியில் காற்றோடு மின்சாரம் போன ஓர் இரவு, நுளம்புக்குப் பயந்து யன்னல்களை அடைத்திருந்த அம்மாவின் அறையில், 55 வாட் மேசை விசிறியை இரவு பத்து மணியளவில் அதில் கொழுவிவிட்டுப் படுத்தேன். அம்மாவுக்கு 81 வயது, ஆஸ்துமா நோயாளி. இரண்டரை மணிக்கு விசிறியின் சத்தம் நின்ற அமைதியில்தான் விழித்தேன். நான்கு மணிக்கு அம்மாவுக்கு இழுப்பு வந்தபோது மருந்தைப் புகைபோலாக்கி உள்ளிழுக்கத் தரும் நெபுலைசரை இயக்கப் பெட்டியில் எதுவும் மிச்சமிருக்கவில்லை. ஸ்பேசர் என்ற குழாயை வைத்து இன்ஹேலரை உள்ளிழுக்கச் செய்து ஒருவாறு சமாளித்தோம். விடிந்த பிறகு பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், மூக்குக்கண்ணாடி போட்டால் மட்டுமே தெரியும் எழுத்தில் 296 வாட்-மணி என்றிருந்தது.

முகப்பில் இருந்த 600 என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் கருவியை அப்பெட்டி தாங்கும் என்பதைச் சொல்லும் வாட் கணக்கு. எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை வாட்-மணிதான் சொல்லும். அரிக்கன் லாம்பில் திரியின் அகலம் ஒன்று, அடியிலுள்ள மண்ணெண்ணெயின் அளவு வேறொன்று என்பதை நம் வீடுகளில் யாரும் குழப்பிக்கொண்டதில்லை. பற்றரியிலுள்ள மின்சாரத்தை இன்வேர்ட்டர் 230 வோல்ட்டாக மாற்றும்போது ஏறக்குறைய 15 வீதம் வெப்பமாக வீணாகிவிடுவதால், 296 வாட்-மணியில் கைக்குக் கிடைப்பது சுமார் 250. அதை 55 ஆல் வகுத்தால் நாலரை மணித்தியாலம். விசிறி சரியாகத்தான் நின்றிருக்கிறது. என் நெபுலைசர் 120 வாட், ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் ஓடும். அதற்குத் தேவைப்படுவது வெறும் 20 வாட்-மணி. விசிறியை அரை மணித்தியாலம் முன்னதாக நிறுத்தியிருந்தாலே அம்மாவுக்கு ஒரு வேளை மருந்து கொடுத்திருக்கலாம் என்ற கணக்கு எனக்கு விடிந்த பிறகுதான் விளங்கியது.

வாட் கணக்கும் தேவையானதுதான். கன்னியாவுக்குப் பிள்ளைகளுடன் போன எங்கள் உறவினர் ஒருவர், இதேபோன்ற பெட்டியில் 1,500 வாட் கேத்தலைக் கொழுவ, அது உடனே தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. வெந்நீரூற்றுக்குப் பக்கத்திலிருந்தும் அவர்கள் தேநீருக்குக் கடையைத்தான் தேட வேண்டியிருந்தது.

சிறிய பவர் பேங்க்களில் குழப்பம் வேறு விதமானது. 20,000 மில்லி அம்பியர்-மணி என்ற இலக்கம் உள்ளேயுள்ள கலங்களின் 3.7 வோல்ட்டுக்கு உரியது. பெருக்கிப் பார்த்தால் 74 வாட்-மணி. மாற்றத்தில் வீணாவது போக, 5,000 மில்லி அம்பியர்-மணிக் கைப்பேசியை இரண்டரைத் தடவை நிரப்பும், நான்கு தடவை அல்ல. கதிர்காமப் பாதயாத்திரையில் உகந்தையைத் தாண்டிக் குமண, யால காடுகளுக்குள் நடப்பவர்கள் இந்தக் கணக்கோடு புறப்படுவது நல்லது.

வெளிநாட்டு உறவினரிடம் பெரிய பெட்டியைக் கொண்டுவரச் சொல்லும் வழக்கமும் நம்மிடையே உண்டு. 100 வாட்-மணிக்கு மேற்பட்டதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160ஐத் தாண்டினால் பயணப் பொதியில் கொண்டுவரவே முடியாது. கப்பலில் அனுப்பினாலும், கனடாவில் விற்கப்படும் பெட்டி 120 வோல்ட் தருமே தவிர நம்முடைய 230 வோல்ட் விசிறிக்கு உதவாது.

கூரையில் சோலர் பூட்டியவர்கள் தங்களுக்கு இது தேவையில்லை என்று நினைக்கலாம். பற்றரி இல்லாமல் பொது மின் இணைப்போடு மட்டும் பூட்டப்பட்ட சோலர், கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிர்ப் பாதுகாப்புக் கருதி, மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது கொளுத்தும் வெயிலின் கீழ் அத்தகைய கூரைகளும் சும்மாதான் கிடந்தன.

2020 டிசம்பரில் புரெவிப் புயல் குச்சவெளிப் பக்கமாகக் கரையேறியபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மகாவலி வெள்ளம் மூதூர், வெருகல் பகுதிகளை மூழ்கடித்தபோதும் மக்கள் பாடசாலைகளில்தான் தங்கினார்கள். மழைக்காலத்தில் தங்குமிடமாகும் ஒவ்வொரு பாடசாலைக்கும் 1,000 வாட்-மணிப் பெட்டி ஒன்றைப் பிரதேச செயலகங்கள் வழங்கினால், கைப்பேசிகளுக்கு நாற்பது தடவையளவில் மின்னேற்றலாம். புகை காரணமாக ஜெனரேற்றரை மூடிய அறைக்குள் இயக்க முடியாது. இப்பெட்டியை நோயாளியின் பாய்க்கருகிலேயே வைக்கலாம். கொடுப்பதோடு விட்டுவிடாமல், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மின்னேற்றிப் பார்ப்பதற்குப் பொறுப்பாக ஒருவரையும் நியமிக்க வேண்டும். அலுமாரியில் பூட்டிவைத்த பெட்டி தேவைப்படும் நாளில் எழும்பாது. வெப்பக் காற்று வீசும் கச்சான் காலத்தில் பூட்டிய வாகனத்துக்குள் விடுவதும், வெள்ளத்தில் நனைந்ததையோ வீங்கியதையோ மறுபடி இயக்குவதும் தீ விபத்தில் முடியலாம்.

விற்பவர்கள் வாட்-மணியையும், பற்றரி எந்த வகை என்பதையும், வாட் இலக்கத்துக்குச் சமமான அளவில் பெட்டியின் முகப்பிலேயே தமிழிலும் சிங்களத்திலும் எழுத வேண்டும். லித்தியம் இரும்புப் பொஸ்பேற்று வகை மற்ற லித்தியம் வகைகளைவிடப் பல மடங்கு தடவைகள் மின்னேற்றத்தைத் தாங்கும். விலை வித்தியாசம் எதற்கென்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டாமா? நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இதைக் கட்டாயமாக்க வேண்டுமென உங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வாடைக்காற்றுக்கு முன்னர் அது நடக்காவிட்டால், வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

இவ்வண்ணம்,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.