பேர் தெரியாத எம்எஸ்சி அக்காவுக்கு நன்றி

பழ ஈப் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பிரித்தெடுப்பது என்ன பாடு என்று மூன்றாம் ஆண்டு விலங்கியல் படிப்பவர்களுக்குத் தெரியும். செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம், பக்கத்து மேசையில் இருந்த ஒரு எம்எஸ்சி அக்கா தன் வேலையை விட்டுவிட்டு வந்தார். "பாட்டில் சுவரில் ஏறுகிற கொழுத்த புழுவாப் பார்த்து எடுப்பா" என்றார். 0.7 சதவீத உப்புக் கரைசலில் ஒரு ஊசியால் உடலை அழுத்தி, இன்னொன்றால் தலையை மெல்ல இழுத்தார். கண்ணாடி மாதிரி இரண்டு சுரப்பிகள்! ஒட்டியிருந்த கொழுப்பை நீக்கி, அசிட்டோ ஆர்சீன் சாயத்தில் ஊறவைத்து, மேலே மூடின மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப் மேல் ஒரே அழுத்து. மைக்ராஸ்கோப்பில் பட்டை பட்டையாக, அந்தச் சுரப்பி செல்களில் இருக்கிற ராட்சத குரோமோசோமான பாலிடீன் குரோமோசோம். (ரெக்கார்டு நோட்டுப் படத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.)

அக்கா, பேர் கேட்பதற்குள் போய்விட்டீர்கள். உங்கள் தயவில் எங்கள் பேட்ச் முழுக்க ஸ்லைடு போடுகிறது. ரொம்ப நன்றி.