விளையாட்டுப் பாடவேளை குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இக்கல்வியாண்டு முதல் நம் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை உடற்கல்விப் பாடவேளை எக்காரணம் கொண்டும் வேறு பாடத்துக்கு விட்டுத்தரப்பட மாட்டாது. தேர்வு நெருங்கினால் கணக்குக்கும் அறிவியலுக்கும் அந்த வேளையை வாங்கிக்கொள்வது பல பள்ளிகளில் நடப்பதுதான்; இனி இங்கே அது இல்லை. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்றும், எலும்புக்கும் தசைக்கும் வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் 3 நாளாவது வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. வகுப்பு நேரத்துக்குள் மட்டும் இது முடியாது என்பதால், வெயில் தாழ்ந்தபின் மாலை 4.30 முதல் 5.30 வரை மைதானம் திறந்திருக்கும். உடற்கல்வி ஆசிரியர் உடனிருப்பார்.

"வலை இழுக்கிற பிள்ளைக்குத் தனியாக என்ன உடற்பயிற்சி?" என்று தந்தையர் சிலர் கேட்கிறார்கள். விடுமுறையில் கரைவலை இழுக்கும் மாணவனுக்குத் தோள்வலுவைப் பற்றி நான் பாடம் நடத்தப் போவதில்லை. ஆனால் அப்படிப்பட்டவர்கள் இப்போது வகுப்புக்கு ஒருவர், இருவர்தான். மற்றவர்களை மாலையில் மீன் ஏலக்கூடத்து நிழலில் பார்க்கலாம்: ஒரே கைப்பேசியில் ஒருவன் விளையாட, நான்கு பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். பகல் வெளிச்சத்தில் வெளியே இருக்கும் நேரம் குறையக் குறையக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இக்கடிதத்தை நான் எழுத முதற்காரணம் பெண்பிள்ளைகளே. ஆறாம் வகுப்பில் கோ-கோ ஆட்டத்தில் யார் கைக்கும் அகப்படாமல் ஓடிய பெண், சடங்கு முடிந்து பள்ளிக்குத் திரும்பியதும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் காவலிருக்கிறாள். எலும்பு உறுதிப்படுவதில் பெரும்பங்கு இந்த வயதில்தான் நிகழ்கிறது. அப்போது உட்கார்த்தி வைத்துவிட்டுப் பின்னாளில் முதுகுவலி, மூட்டுவலி என்று மருத்துவமனைக்கு அலைவதில் பொருளில்லை. மாதவிடாய் நாள்களில் விளையாடக் கூடாது என்று மருத்துவம் சொல்லவில்லை. வலியோ சோர்வோ இருந்தால் ஓய்வெடுக்கலாம், அதை ஆசிரியையிடம் சொன்னால் போதும். முழுக்கால் சட்டை அணிந்தும், தலைத்துணி அணிந்தும் ஆடுவதற்குத் தடையில்லை. 2010 ஆசிய விளையாட்டுப் போட்டியில் மகளிர் கபடி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது தங்கம் வென்றது இந்திய அணி என்பதை வீட்டில் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

ஓட வேண்டுமானால் வயிற்றில் ஏதேனும் இருக்க வேண்டும். அதிகாலையிலேயே மீன் விற்கவும் பாசி எடுக்கவும் தாய்மார்கள் கிளம்பிவிடும் வீடுகளிலிருந்து பிள்ளைகள் வெறும் தேநீரோடு வருகிறார்கள். அரசின் காலை உணவுத் திட்டம் தொடக்க வகுப்புகளுக்கானது. நம் மாணவர்களுக்கு அது கிடையாது. முந்தைய இரவின் பழைய சோறும் மிஞ்சிய சாளைக் குழம்புமே போதும், தனியாகச் சமைக்கத் தேவையில்லை. வாரந்தோறும் பள்ளியில் தரப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்க வேண்டும். அதையொட்டித் தேநீர் குடித்தால் சத்து உடலில் சரிவரச் சேராது.

நம் மைதானத்தின் கடலோரப் பகுதியில் சீமைக்கருவேல் மீண்டும் மண்டிவிட்டது. மேலாக வெட்டினால் ஒரு மழைக்கே துளிர்த்துவிடுவதால் வேரோடு எடுக்க வேண்டியிருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு மண்வெட்டி, அரிவாளுடன் வர இயன்றவர்கள் வந்து உதவ வேண்டுகிறேன். அதுவரை பிள்ளைகள் வெறுங்காலோடு அந்தப் பக்கம் போக வேண்டாம். மாலை விளையாட்டுக்கான இசைவுச் சீட்டு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. பெற்றோரில் ஒருவர் கையொப்பமோ கைநாட்டோ இட்டு, மகளுக்கும் மகனுக்கும் தனித்தனியே, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்