உன் மூன்று கட்டங்கள்

அன்புள்ள வேலு,

ஊட்டச்சத்துத் திட்டம் பலித்ததா என்று நீ எழுதிய அத்தியாயம் வந்து மூன்று மாதமாகிறது. மனசுக்குள் திட்டித் தீர்த்திருப்பாய், நியாயம்தான். இங்கே எல்லோரும் நலம். அண்ணிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சரி, இனி சண்டைக்கு வருகிறேன்.

கண்ணுக்குத் தெரியும் நிகழ்வுக்கு அடியில் மறைந்திருக்கும் காரணத்தைத் தேடச் சொன்ன தத்துவவாதி ராய் பாஸ்கர். முதல் பத்துப் பக்கம் அவருக்குக் கும்பாபிஷேகம். 1975-ல் என்ன சொன்னார், 1979-ல் அதைச் சமூக அறிவியலுக்கு எப்படிக் கொண்டுவந்தார், மெய், நிகழ்வு, அனுபவம் என்று உலகத்தை எப்படி மூன்று அடுக்காக்கினார், எல்லாம் பிசகில்லாமல் வந்திருக்கிறது. பதினோராம் பக்கத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்துக்குள் நுழைகிறாய். பாஸ்கரைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிட்டாய்! திட்டம் வந்த ஊர், வராத ஊர், எடையில் இவ்வளவு வித்தியாசம், ஆகவே திட்டம் பலித்தது, எங்கே கொண்டுபோனாலும் பலிக்கும். ஒன்றையடுத்து ஒன்று தவறாமல் வந்தால் அதுவே காரணம் என்கிற, பழைய தத்துவவாதி ஹியூம் வீட்டுச் சமையல் அப்பா இது.

திட்டங்களை மதிப்பிடுவது எப்படி என்று எழுதிய பாசன், டில்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997-ல் வெடிமருந்தை உதாரணம் காட்டினார்கள். ஐப்பசி மழையில் நமத்துப்போன சரத்தை நினைத்துக்கொள். திரியில் நெருப்பு வைத்தாயிற்று, வெடிக்கவில்லை. மருந்துக்கு வெடிக்கும் குணம் போய்விட்டதா? இல்லை, ஈரம் அதைத் தடுக்கிறது. பத்துச் சரத்தில் எத்தனை வெடித்தது என்று எண்ணி சராசரி போட்டால் மருந்தைப் பற்றியும் தெரியாது, ஈரத்தைப் பற்றியும் தெரியாது.

அடுத்தது உன் அட்டவணை. சூழல், பொறிமுறை, விளைவு என்று மூன்று கட்டம். சூழல் என்ற கட்டத்தில் ‘தமிழ்நாடு, கிராமம்’. அது சூழல் இல்லை, தபால் முகவரி. பொறிமுறை என்ற கட்டத்தில் ‘தாய்மார்களுக்கு ஆலோசனை’. அது திட்டம் செய்த வேலை. திட்டம் ஒன்றைக் கையில் கொடுக்கிறது. வாங்கியவர் அதை வைத்து ஏதோ யோசித்து நடந்துகொள்கிறார். இரண்டும் சேர்ந்ததுதான் பொறிமுறை. கார் நிறுத்துமிடத்தில் கேமரா வைத்தால் கேமரா எந்தத் திருடனையும் எட்டிப் பிடிப்பதில்லை. ‘மாட்டிக்கொள்வோம்’ என்று திருடன் பயப்படலாம். ‘இங்கே திருட்டு அதிகம் போலிருக்கிறது’ என்று கார்க்காரர் கதவைச் சரியாகப் பூட்டிவிட்டுப் போகலாம். கேமரா ஒன்றுதான், பொறிமுறை வேறு வேறு.

உன் திட்டத்துக்கே வருகிறேன். 1980-ல் உலக வங்கிக் கடனில் தொடங்கியது. ஆறு மாதம் முதல் முப்பத்தாறு மாதம் வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் கூடுதல் உணவு, பொதுவாக 90 நாள், தேறினால் நிறுத்தம். கூடவே தாய்க்கு ஆலோசனை. இதே வார்ப்பில் 1995-ல் வங்கதேசத்தில் ஒன்று தொடங்கினார்கள். அங்கே எதிர்பார்த்த பலன் வரவில்லை. ஓரிடத்தில் பலித்தது இன்னோரிடத்தில் பலிக்குமா என்று புத்தகம் எழுதிய கார்ட்ரைட்டும் ஹார்டியும் 2012-ல் இதைத்தான் எடுத்து அலசினார்கள். கொடுத்த உணவு வீட்டில் மற்றவர் வாய்க்குப் போனது. அல்லது ‘அங்கே சாப்பிட்டாயிற்று’ என்று வீட்டுச் சோறு குறைந்தது. அதைவிடப் பெரிய சங்கதி, ஆலோசனை தாய்க்குப் போனது. ஆனால் அங்கே கிராமத்தில் சந்தைக்குப் போவது ஆண்கள். கூட்டுக் குடும்பமாக இருந்தால் அடுப்படியில் யாருக்கு எவ்வளவு என்பது மாமியார் சொல்.

ஆக, ‘தாய்க்குக் கற்றுக்கொடு’ என்பதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியாது. சாமான் வாங்குவதும் பங்கு வைப்பதும் யார் கையில் இருக்கிறதோ, அவருக்குக் கற்றுக்கொடு என்றால் ஒருவேளை போகலாம்.

நம் ஊர் மாமியார்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டா உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்பாய். அதைத்தான் நீ கேட்டிருக்க வேண்டும்! ‘தமிழ்நாட்டில் பலித்தது’ என்பதற்குள்ளேயே பலிக்காத வீடுகள் இருக்கும். தனிக்குடித்தனம், மாமியார் சமைக்கும் வீடு, தாய் கூலிக்குப் போய்ப் பிள்ளையை அக்காக்காரி பார்த்துக்கொள்ளும் வீடு என்று பிரித்துப் பார். வயதையும் இருபத்துநாலு மாதத்தில் வெட்டு. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. மூன்றாம் வயதில் ஏறிய எடை எந்தச் சோற்றில் ஏறியது என்று உன் அட்டவணையால் சொல்ல முடியாது.

திட்டத்தின் பழைய ஊழியர்கள் இருபது பேரிடம் எடுத்த பேட்டியைத் திரும்ப எடுத்துப் படி. ஒவ்வொன்றுக்கும் ஒரே வாக்கியம்: ‘இப்படிப்பட்ட வீட்டில் இருந்தவருக்கு இது கிடைத்தபோது இப்படி நினைத்தார், அதனால் இது நடந்தது.’ ‘நினைத்தார்’ இருக்குமிடம் காலியாக இருந்தால் அவர்களிடம் மறுபடி போ. போகும்போது ‘உங்கள் அனுபவம் சொல்லுங்கள்’ என்று பொதுவாகக் கேட்காதே. ‘மாமியார் இருந்தால் இது எடுபட்டிருக்காது என்பது என் யோசனை, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?’ என்று உன் ஊகத்தையே முன்னால் வை. பதிலை வாயில் ஊட்டுகிறாய் என்று உன் புள்ளியியல் நண்பர் கத்துவார். அவர் பயத்திலும் பாதி நியாயம் உண்டு. படித்தவர் கேட்டால் தலையாட்டிவிடுவார்கள். அதனால் எதிர் ஊகத்தையும் அதே தொனியில் வை. ஆமாம் என்றால் விடாதே, எந்த வீடு, யார் பரிமாறினார்கள், பிள்ளை என்ன சாப்பிட்டது என்று இறங்கிக் கேள்.

எனக்கு உறுத்துவது வேறு. சூழல், பொறிமுறை என்று பார்க்கும் இந்த ஆய்வுமுறை கையில் இருந்தால் எதையும் விளக்கிவிடலாம் வேலு. பலித்தால் பொறிமுறை, பலிக்காவிட்டால் சூழல் சரியில்லை. அப்படியானால் நமக்கும் ஜோசியக்காரருக்கும் என்ன வித்தியாசம்? உன் அத்தியாயம் அதற்கு மிக அருகில் நிற்கிறது, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எடைப் பதிவேடு இன்னும் உன் கைக்கு வரவில்லை அல்லவா? அது வருமுன் ஒரு தாளில் எழுது: எந்த வீட்டில் எடை ஏறியிருக்கும், எதில் ஏறியிருக்காது, ஏன். எழுதி எனக்குத் தபாலில் போடு. மின்னஞ்சல் வேண்டாம், முத்திரையில் தேதி இருக்கட்டும். பதிவேட்டை நீ பார்த்து முடிக்கும்வரை உறையைப் பிரிக்க மாட்டேன்.

உன்,
சங்கரன்