இரண்டாவது ஜாய்ஸ்டிக்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரைக்கும் வந்து அம்மாவின் சாம்பாரைக் குறை சொல்லிவிட்டுப் போகிறாள், அதனால் குணமாகிவிட்டாள் என்றே வைத்துக்கொள். பின்பக்கத் தென்னையை வெட்டியாயிற்று. மற்றதெல்லாம் அம்மா போனில் சொல்வாள். நான் கேம் விஷயத்துக்கு வருகிறேன்.

வருஷா வருஷம் எஸ்ஸன் போர்டு கேம் சந்தை முடிந்த கையோடு நீதான் எழுதுவாய். எந்த ஹாலில் எது வந்தது, எதற்காக வரிசையில் நின்றாய், எதைப் பாதியில் வேண்டாம் என்று எழுந்து வந்தாய், பெட்டி பெரிசு சரக்கு சின்னது என்று யாரைத் திட்டினாய், எல்லாம் வரும். நானும் அதைப் படித்துவிட்டு வாக்கிங் வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்வேன். நாலு நாளில் இரண்டு லட்சம் பேர் வந்துபோகிற சந்தை, அதில் என் பெண் ரூல் புக்கை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு வெள்ளைக்காரர்களுக்கே ஆட்டம் சொல்லிக்கொடுப்பாள் என்று. இந்தத் தடவை தீபாவளி வந்த அதே வாரத்தில் எஸ்ஸன். டோர்ட்முண்டில் ரயிலேறினால் அரை மணிகூட ஆகாது. நீ போனாயா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். சரி, இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு. நீ எழுதாததால் இந்த வருஷம் நான் எழுதுகிறேன்.

போன தடவை நீங்கள் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு வந்தீர்களே, ஸ்கை டீம், அதுதான் இப்போது வீட்டில் ஓடுகிறது. ராத்திரி டிபன் முடிந்ததும் நானும் அம்மாவும் விமானம் இறக்குகிறோம். வருஷத்தின் சிறந்த போர்டு கேமுக்கு ஜெர்மனியில் கொடுக்கிற ஷ்பீல் டெஸ் யாரெஸ் பரிசை 2024இல் இதற்குக் கொடுத்தது நியாயம்தான். இரண்டே பேர், இருபது நிமிஷம், எழுந்திருக்கும்போது உள்ளங்கை வேர்த்திருக்கும். நான் பைலட், நீல டைஸ். அம்மா கோ-பைலட், ஆரஞ்சு. ஆளுக்கு நாலு டைஸ், ஏழு ரவுண்டு. உருட்டுவதற்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். உருட்டிவிட்டால் மூச். அவளிடம் என்ன விழுந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது, என்னுடையது அவளுக்குத் தெரியாது. ஆனால் விமானம் சாயாமல் இருக்க ஒவ்வொரு ரவுண்டிலும் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு டைஸ் வைத்தே தீரவேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமானால் சுற்றிக்கொண்டு விழும், கதை முடிந்தது.

அம்மா வாயைத் திறப்பதில்லை, வளையலை ஆட்டுகிறாள். என் டைஸை வைக்கப் போகும்போது தொண்டையைச் செருமுகிறாள். இது கள்ளாட்டம் என்றால், இத்தனை வருஷம் உங்களோடு குடித்தனம் பண்ணியவளுக்கு இருமக்கூட உரிமையில்லையா என்கிறாள். கையில் ஒன்று விழுந்தால் உடனே அதைப் போர்டில் இருக்கிற காபிக் கட்டத்தில் வைத்துவிடுவாள். சக்கரம் இறங்கினதா, பிரேக் இருக்கிறதா, ரன்வேயில் வேறு விமானம் நிற்கிறதா என்ற கவலை எல்லாம் எனக்கு. ஆனால் அந்தக் காபிதான் கடைசி ரவுண்டில் டைஸில் ஒரு புள்ளியை ஏற்றி இறக்கிக் காப்பாற்றுகிறது என்பதையும் சொல்லவேண்டும். இதை அவளிடம் சொல்லாதே.

விழுகிற ஆட்டங்களை எல்லாம் யோசித்துப் பார்த்தேன். பேசலாம் என்று விதி அனுமதிக்கிற நேரத்தில், அவருக்குத் தெரியும் என்று அவளும், அவளுக்குத் தெரியும் என்று நானும் சும்மா இருந்துவிடுகிறோம். பாதி விமானம் அங்கேயே விழுந்துவிடுகிறது. நீங்கள் விளையாடும்போது மாப்பிள்ளை எந்தப் பக்கம் உட்காருவார்? பைலட்டா, கோ-பைலட்டா? எழுது.

2025இல் அதே பரிசு பாம் பஸ்டர்ஸுக்குப் போயிருக்கிறது, ஜப்பான்காரர் ஹிசாஷி ஹயாஷி செய்தது. ஒயர் வெட்டுகிற ஆட்டம், 66 மிஷன். இன்னும் கைக்கு வரவில்லை. நீ விளையாடியிருந்தால் இரண்டு வரி போடு, அதைப் பார்த்துத்தான் வாங்கவேண்டும்.

டிவியில் கிளேர் ஒப்ஸ்க்யூர் என்கிற வீடியோ கேம் ஓடிக்கொண்டிருக்கிறது. வருஷத்தின் சிறந்த கேம் விருதை வாங்கிவிட்டதே. பிரான்ஸில் மான்பெல்லியேவில் சாண்ட்ஃபால் என்று ஒரு சின்னக் கூட்டம் செய்ததாம். கதை உனக்குத் தெரியும். ஓவியக்காரி வருஷத்துக்கு ஒரு எண் எழுதுவாள், அந்த வயதுக்காரர்கள் பூவாக உதிர்ந்துவிடுவார்கள், எண் ஒவ்வொன்றாய்க் குறைந்து முப்பத்துமூன்றுக்கு வந்திருக்கிறது. அந்த ஊரில் என்னைப் போல ரிட்டயர் ஆனவனே கிடையாது. பென்ஷன் கணக்குப் பார்க்கிற வேலை மிச்சம். சண்டை ஆளுக்கொரு முறை மாறி மாறி வரும் பழைய பாணிதான், ஆனால் எதிரி ஓங்கும்போது சரியான நொடியில் பட்டனை அமுக்கித் தடுக்கவேண்டும். என் விரலுக்கு அந்த நொடி அகப்படுவதில்லை. ஸ்டோரி என்கிற சுலப நிலைக்கு மாற்றிக்கொண்டேன், சிரிக்காதே.

அதில் ஆரம்பத்தையே இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். குஸ்தாவ், சோஃபி. ஒரு காலத்தில் சேர்ந்திருந்து பிரிந்தவர்கள். அவளுக்கு அன்றுதான் கடைசி நாள். இரண்டு பேரும் ஊரை ஒரு சுற்றுச் சுற்றித் துறைமுகத்துக்கு நடந்து போகிறார்கள். பிள்ளை பெற்றுக்கொள்வதைப் பற்றி ஒத்துவரவில்லை என்பது பேச்சில் வருகிறது, அவ்வளவுதான். யார் மேல் தப்பு என்று அந்த கேம் நம்மைக் கணக்குப் போடச் சொல்லவில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது. நம் சீரியல்காரர்கள் என்றால் இரண்டு தரப்பு மாமியாரையும் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைத்திருப்பார்கள். நானும் அம்மாவும் அப்படிப்பட்டவர்கள் இல்லை.

பலாட்ரோவைப் பற்றி நானே எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நீயும் அதைத்தான் விளையாடுகிறாய் போலிருக்கிறது. உளவு பார்க்கிறேன் என்று நினைக்காதே. கம்ப்யூட்டரில் கேம் வாங்கி ஆடுகிற ஸ்டீமைத் திறந்தால் அது பாட்டுக்குப் பச்சை எழுத்தில் காட்டுகிறது. பால் வாங்கி வைத்துவிட்டு, காபியோடு ஏழரை மணிக்கு உட்காருகிறேன். உன் பெயர் பச்சையாக இருக்கிறது. இங்கே ஏழரை என்றால் அங்கே விடியற்காலம் மூன்று. ஒருநாள் இரண்டு நாள் என்றால் லீவு போட்டிருப்பாய் என்று விட்டிருப்பேன்.

நல்ல கேம்தான், மறுக்கவில்லை. கனடாவில் ஒரே ஒரு ஆள், பெயரைக்கூட வெளியே சொல்லாமல் செய்தது. சீட்டுக்கட்டு, 150 ஜோக்கர், சிப்ஸ் என்கிற புள்ளியை மல்ட் என்கிற பெருக்கியால் பெருக்கினால் எண் எங்கேயோ போகிறது. ஐரோப்பாவில் இதைச் சூதாட்டம் மாதிரி எடுத்துக்கொண்டு 18 வயது முத்திரை குத்தி, 2025இல்தான் 12க்கு இறக்கினார்கள். இங்கே அம்மாவும் அதே முத்திரைதான் குத்தினாள். உன் சித்தப்பா விஷயத்துக்கப்புறம் இந்த வீட்டில் சீட்டுப் படத்தைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. காசு ஒரு பைசா இல்லை, இதில் தோற்றால் போவது நேரம் மட்டும்தான் என்று சொல்லிச் சமாளித்தேன். அது மட்டும் என்றால் சும்மாவா? ஆன்ட்டி என்கிற கட்டங்களில் எட்டாவதைத் தாண்டினால் ஜெயித்தாயிற்று. அதற்கப்புறம் என்ட்லெஸ் என்று ஒன்றைத் திறந்துவிடுகிறான் பார், அதற்கு முடிவே கிடையாது. அதற்குள் போகாதே. எட்டோடு நிறுத்திவிட்டுத் தூங்கு. தூக்கம் வராவிட்டாலும் விளக்கை அணைத்துப் படு.

தீபாவளியன்று வீடியோவில் வந்தாயே, புடவை நன்றாக இருந்தது, அம்மா எடுத்த நிறம்தான். பின்னால் அலமாரி தெரிந்தது. மேல் இரண்டு தட்டும் பல் விழுந்த வாய் போல இருந்தன. க்ளூம்ஹேவனைக் காணோம். பத்துக் கிலோ பெட்டி அது, பாப்பா. காரணம் இல்லாமல் யாரும் அதை இடம் மாற்றமாட்டார்கள். மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது, 95 சினாரியோவையும் முடிக்காமல் அடுத்த பெரிய பெட்டி கிடையாது என்று மண்டபத்தில் வைத்தே உனக்குச் சத்தியம் பண்ணிக்கொடுத்தாரே. யாருக்காவது கடன் கொடுத்திருப்பீர்கள். அப்படிக் கொடுத்திருந்தால் திரும்பி வரும்போது அட்டைகளை எண்ணி வாங்கு. அம்மா கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியாது.

விங்ஸ்பானில் சொல்ல ஒன்றும் புதிதாக இல்லை. 170 பறவை அட்டையும் வட அமெரிக்காவாக இருக்கிறதே என்று அம்மாவுக்கு இன்னும் கோபம். ஏசியா பெட்டி 2022லேயே வந்துவிட்டது, வாங்கி வருகிறேன் என்றவள் நீ. ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

மச்சில் அட்டைப்பெட்டிகளை ஒழிக்கும்போது பழைய டிவி கேம் அகப்பட்டது. பர்மா பஜாரில் வாங்கியது, 9999 கேம் என்று போட்டு ஒன்பது கேம் இருக்குமே, அது. கான்ட்ரா கேசட்டும் இருந்தது. மேலே மேலே கீழே கீழே என்று பட்டனை அமுக்க ஆரம்பித்தால் முப்பது லைஃப். இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் ஸ்டார்ட் பட்டனே கிடையாது, அது எப்போதும் என் கையில்தான். ஆட்டத்தை நிறுத்துவதென்றால் நீதான் நிறுத்தவேண்டும். சாப்பிடக் கூப்பிட்டாலும், கரண்ட் போகிற மாதிரி இருந்தாலும், உன் மனசு வைத்தால்தான் நிற்கும். அந்த நீர்வீழ்ச்சி லெவலில் நீ குரங்கு மாதிரி தாவித் தாவி மேலே போய்விடுவாய். திரை உன்னோடு ஏறிவிடும், கீழே நிற்கிற நான் காலுக்குக் கீழே தரையில்லாமல் செத்துப்போவேன். என்னால்தான் அப்பா தோற்றார் என்று நீ ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. நீங்க ஏன் மெதுவா வரீங்க என்பாய். எட்டு வயதில் எத்தனை திமிர்! அந்தத் திமிர்தான் உன்னைத் தனியாக ஜெர்மனிக்கு ஏற்றி அனுப்பியது, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் வழுக்குகிற இடத்தில் நின்று கீழே ஒரு தடவை பார்ப்பதில் கௌரவம் ஒன்றும் குறையாது. இதை உனக்கு மட்டும் சொல்லவில்லை, இரண்டு பேருக்குமாகத்தான் சொல்கிறேன்.

மாதக் கடைசியில் வைகுண்ட ஏகாதசி. ஸ்ரீரங்கத்தில் இப்போதே கூட்டம். பாட்டி காலத்துப் பரமபதப் படத்தை ஒட்டுப் போட்டு வைத்திருக்கிறேன், சோழி கிடைக்கவில்லை, ஸ்கை டீம் டைஸை எடுத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். அத்தையும் விளையாட வருகிறாளாம். பெரிய பாம்பு அவளைத்தான் கொத்தவேண்டும் என்று இப்போதே வேண்டிக்கொண்டிருக்கிறேன். கண் விழித்து ஆட வருஷத்தில் ஒரு ராத்திரி வைத்தார்கள். ஒன்று போதும் என்றுதான் ஒன்று வைத்தார்கள். புரிந்துகொள்.

கடைசியாக ஸ்ப்ளிட் ஃபிக்‌ஷன். இது தனியாக ஆடவே முடியாத கேம், அதனால் அம்மாவைப் பிடித்து உட்காரவைத்தேன். கதை எழுதுகிற இரண்டு பெண்களை ஒரு மிஷினில் மாட்டி அவர்கள் கற்பனையை எல்லாம் ஒரு பதிப்பகத்துக்காரன் உறிஞ்சுகிறான். திரை பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்தே இருக்கும், ஆளுக்குப் பாதி. ஒரு இடத்தில் இரண்டு பேரும் பன்றிக்குட்டி ஆகிவிடுகிறார்கள். ஒன்று சுருள் கம்பி மாதிரி நீண்டு குதிக்கும், இன்னொன்று வானவில் நிறத்தில் காற்றை விட்டுப் பறக்கும். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு அந்தக் குட்டிகள் மிஷினுக்குள் போய்ச் சாசேஜாக வெளியே வந்தன. ரிமோட்டை வைத்துவிட்டு எழுந்து போனவள்தான், இன்றுவரை திரும்பி வரவில்லை. ஆகவே என் ஆட்டம் பாதியில் நிற்கிறது.

உன்னுடையதும் நிற்கிறது. அச்சீவ்மென்ட் பட்டியலில் ஆகஸ்டுக்கு அப்புறம் ஒன்றும் சேரவில்லை.

உன்னிடமும் கேம் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது, ஒருவர் வாங்கினால் இன்னொருவர் வாங்காமலே ஆட விடுகிற ஃப்ரெண்ட்ஸ் பாஸ்கூட வேண்டாம். நான் பிஎஸ்5, நீ கம்ப்யூட்டர் என்றாலும் சேர்ந்து ஆடலாம், பார்த்துவிட்டேன். சனிக்கிழமை உனக்குக் காலை பத்து என்றால் எனக்கு மதியம் இரண்டரை. சாப்பிட்டுத் தயாராக இருப்பேன். மைக் போடவேண்டும் என்று கட்டாயமில்லை. நீ பேசாமல் ஆடினாலும் நான் ஒன்றும் கேட்கமாட்டேன், எங்கே தாவவேண்டும் என்று மட்டும் சொல்லு. உன் சேவ் ஃபைல் அப்படியே இருக்கட்டும், அதைத் தொடவேண்டாம். நாம் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். முதல் நாளே ஏழெட்டு மணி நேரம் இழுக்காதே, உனக்குத் தூக்கம் வேண்டும்.

அன்புடன்,
அப்பா

பி.கு: பருப்புப் பொடியும் வத்தலும் வரும் வாரம் கூரியரில் போகிறது. மாப்பிள்ளைக்கு எப்போதும் போலத் தனியாக ஒரு பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதட்டுமா வேண்டாமா என்று மட்டும் சொல்.